செவலை சொன்ன மிஷின்

நிலம் போன பிறகும் எங்கள் வீட்டில் டிராக்டர் இருந்தது. பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் எங்களுக்கு இருந்த நஞ்சையைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வந்த பணத்தில் அப்பா வீட்டுக்கு மாடி எடுத்தார், பின்கட்டில் அத்தைக்கு ஓர் அறை கட்டினார். டிராக்டரை மட்டும் விற்க மனம் வரவில்லை. உழுவதற்கு ஒன்றுமில்லாத அந்த டிராக்டர் செங்கல் ஏற்றியது, ஜல்லி ஏற்றியது, கல்யாண வீடுகளுக்குத் தண்ணீர் டேங்க் இழுத்தது. தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தவரை அதற்கு வேலை இருந்தது. எழும்பி முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. அதன் சீட்டில் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று முட்டையிடத் தொடங்கியதை அப்பா பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

எடுத்துக்கொண்ட நிலமெல்லாம் உடனே கம்பெனியாகிவிடவில்லை. பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது. நேராகத் தார் ரோடு போட்டு, நடுவில் அரளி வைத்து, இரண்டு பக்கமும் எண் எழுதிய பலகை நட்டு, அப்படியே விட்டிருந்தார்கள். நெல் விளைந்த இடம் சும்மா இருக்குமா? புல் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. அதற்குள் சீமைக்கருவேலங்கன்றுகள் முளைத்தன. பக்கத்துக் கம்பெனிக்கு நடந்து போன ஹாஸ்டல் பெண்கள் பாம்பைப் பார்த்து ஓடினார்கள். கோடையில் யாரோ பீடி போட்டு ஒரு பக்கம் முழுக்க எரிந்தது. அதன்பிறகுதான் தொழிற்பேட்டையைப் பராமரிக்கும் காண்டிராக்ட்காரர்களுக்குப் புல்லைப் பற்றிக் கவலை வந்தது.

அந்தக் கவலையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சித்தப்பா. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு லைன் வேலை. ஷிப்ட், டார்கெட், ஓ.டி. என்று வீட்டிலும் அந்தப் பாஷையிலேயே பேசுவார்.

"இன்னாண்ணா, வண்டி சும்மா துரு புடிச்சிகினு கீது. பின்னால ஒரு ஸ்லாஷர் மாட்டினா போதும். ஒரகடம் வரைக்கும் காலி பிளாட்டு எவ்ளோ கீதுன்னு பாத்தியா? வருஷம் பூரா புல்லு வளரும், வருஷம் பூரா வேல. தொழிற்பேட்ட சூப்பர்வைசர் என்கிட்டயே சொல்லிட்டாரு, வண்டியும் மிஷினும் வெச்சிகினு வர்றவங்களுக்குத்தான் காண்டிராக்ட்டாம்."

அப்பா ஸ்ரீபெரும்புதூரில் டிராக்டர் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனதால் நானும் பார்த்தேன். புல் வெட்டுவதற்கென்று டிராக்டரின் பின்னால் மாட்டும் மிஷின்கள் அங்கே இரண்டு இருந்தன. ஒன்று ஸ்லாஷர். பெரிய இரும்பு மூடியைக் கவிழ்த்து வைத்தாற்போல இருக்கும். அதற்கடியில் இரண்டு கனத்த கத்திகள் படுவேகமாகச் சுற்றும். புல், செடி, விரல் தடிமன் முள்மரம் எது வந்தாலும் துண்டு துண்டாக அடித்து அங்கேயே பரப்பிவிட்டுப் போகும். மற்றது கட்டர் பார். டிராக்டருக்குப் பக்கவாட்டில் கையை நீட்டியதுபோல ஒரு நீளமான பட்டை. அதில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பற்கள், அவற்றுக்கு நடுவில் இடமும் வலமும் ஓடும் கத்தி. இது புல்லை அடியோடு நறுக்கி முழுசாகப் படுக்க வைக்கும். நான் முதலாவதற்கு மிக்ஸி என்றும் இரண்டாவதற்கு சலூன் மிஷின் என்றும் பேர் வைத்தேன். வீட்டில் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் அந்தப் பேரையே சொன்னார்கள். அப்போது நான் நாலாம் வகுப்பு. நான் வைத்த பேர் ஒன்று பெரியவர்கள் வாயில் புழங்கியது அதுதான் முதல் தடவை. அதனால் அந்த விஷயத்தில் எனக்கும் பங்கு இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு மிக்ஸிதான் வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார். யோசிக்க வைத்தவள் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. லாரி ஓட்டப் போன மாமா திரும்பி வரவில்லை. அவர் எங்கே, யாரோடு இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். அத்தை ஒரு கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அது பசுவாகி, அதன் வழியில் இன்னும் சில ஆகி, பின்கட்டில் ஒரு தொழுவமே வந்துவிட்டது. காலையில் டீக்கடைகளுக்கும் தெற்கத்திப் பிள்ளைகள் தங்கியிருந்த வாடகை அறைகளுக்கும் அவள்தான் பால் ஊற்றினாள். தனக்கென்று தனியாக அரிசி வாங்கினாள். அம்மா எத்தனை சொல்லியும் அதை மட்டும் விடவில்லை. தன் அறையில் சமைத்து, சோற்றையும் குழம்பையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். மாடுகள் மேய்ந்தது அந்தக் காலி பிளாட்டுகளில். அதில் ஒன்று எங்கள் பழைய நிலம்.

"மிக்ஸில போட்டு அரச்சிட்டா என் மாடு இன்னாத்த துன்னும்?" என்றாள் அத்தை.

"யக்கா, அது மாட்டுக்காக வெட்றதில்ல. கம்பெனிக்காரன் இடத்த கிளீன் பண்றது," என்றார் சித்தப்பா.

"சலூன் மிஷினு வாங்கு. வெட்டிப் போட்டுகினே போங்க. நான் பின்னாலயே வந்து அள்ளிக்கிறேன். இடமும் கிளீனாயிடும், மாட்டுக்கும் ஆயிடும்."

"அம்மாம் பெரிய காட்ட ஒத்த ஆளா அள்ளுவியா நீ?"

"அள்ளுவேன்டா."

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. சில நாள் குரல் ஏறியது, சில நாள் பேசாமலே நடந்தது. அப்பா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார். அப்பாவுக்கு முடிவெடுப்பது பிடிக்காது. நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே நிலம் போய்விட்டது என்று அம்மா சொல்வாள். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி அவருக்கே உரியது. இரண்டு மிஷினையும் நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். எது நன்றாக வெட்டுகிறதோ அது. மிஷினே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பழைய நிலத்தில் சோதனை. கடையிலிருந்து ஒரு மினி லாரியில் இரண்டு மிஷினும் வந்தன, கூடவே விற்பனைப் பையன் ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. இறங்கியதுமே பேன்ட் முழுக்க ஒட்டுப்புல் ஏறிவிட்டது. அதைக் குனிந்து பிய்த்துக்கொண்டே, எத்தனை எச்.பி. வண்டிக்கு எது பொருந்தும், கத்தியை எப்போது சாணை பிடிக்க வேண்டும் என்றெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். சித்தப்பா ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருந்தார். பிளாட்டின் அந்தக் கோடியில் சித்தப்பா சொன்ன சூப்பர்வைசர் நான்கைந்து ஆட்களை வைத்து ஏதோ குழி தோண்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தயாராக நின்றபோது, ரோட்டு மேல் அத்தை செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது.

செவலை எங்கள் தொழுவத்தில் மூத்தது. அத்தை கன்றாகப் பிடித்துக்கொண்டு வந்ததும் அதுதான். சாப்பாட்டில் அதற்கு இருந்த கறார் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. தவிட்டில் வாடை வந்தால் தொட்டியையே முட்டிக் கவிழ்த்துவிடும்.

விற்பனைப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாடு எதுக்குங்கம்மா?" என்றார்.

"புல்லு யாருக்கு வெட்றீங்க? துன்றவங்க பாக்க வேணாவா?" என்றாள் அத்தை.

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

முதலில் மிக்ஸி. பின்னால் மாட்டி, ஷாஃப்டை இணைத்து, அப்பா நெம்புகோலை இழுத்ததும் கிளம்பிய சத்தத்தில் அரளிச் செடிகளிலிருந்து குருவிகள் எல்லாம் எழுந்து போயின. டிராக்டர் புல்லுக்குள் நுழைந்தது. போன வழியில் புல்லே இல்லை. பச்சையாகக் கூழ் ஒன்று தரையில் அப்பியிருந்தது. முள்கன்றுகள் சடசடவென்று முறிந்து காணாமல் போயின. திரும்பி வரும்போது ஒரு கல் தெறித்து, எண் எழுதிய பலகையில் டங்கென்று விழுந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்துவிட்டோம்.

"பின்னாடி சங்கிலி மாட்டிட்டா தெறிக்காதுங்க," என்றார் விற்பனைப் பையன். அவரும் குனிந்துதான் இருந்தார்.

"செம்மயா வெட்டுதுண்ணா! பாத்தியா!" என்று கத்தினார் சித்தப்பா.

அத்தை செவலையைக் கூழுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது தலையைத் தாழ்த்தி மோந்தது. புல்லோடு புல்லாக ஒரு சிமெண்ட் கோணி நார் நாராக அரைபட்டுக் கிடந்தது, யாரோ எறிந்த தெர்மாகோல் தட்டும் இருந்தது. செவலை மூக்கால் பலமாக ஊதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தை எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள்.

அடுத்து சலூன் மிஷின். அதற்கு அவ்வளவு சத்தம் இல்லை. கிச்கிச்சென்று ஒரே சீராக ஓடியது. டிராக்டருக்கு வலப்பக்கம் நின்றுகொண்டிருந்த புல், காற்றுக்குச் சாய்வதுபோலச் சாய்ந்து, அப்படியே வரிசையாகப் படுத்தது. பார்க்க அழகாக இருந்தது. சித்தப்பாகூட ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். செவலையை இழுத்துப்போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அத்தையை இழுத்துக்கொண்டு போனது. போய், தலையை நிமிர்த்தாமல் தின்றது.

"அவ்ளோதான், ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க," என்று அப்பா வண்டியிலிருந்தபடியே சிரித்தார். விற்பனைப் பையனும் சிரித்தார். எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது சுற்றில் ஏதோ மாட்டிக் கத்தி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பழைய வேலிக் கம்பி, பற்களுக்கிடையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பல் வளைந்துவிட்டது. விற்பனைப் பையனும் சித்தப்பாவும் கம்பியை எடுக்கக் குனிந்தார்கள். "பாத்து மெதுவா ஓட்டினா சரியாப் போயிடும்," என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர்கள் அதில் இருந்தபோது, செவலை தின்றுகொண்டே மேலே மேலே போய், அத்தையையும் என்னையும் பிளாட்டின் கோடிக்குக் கொண்டுபோய்விட்டது. சூப்பர்வைசர் அங்கே நின்றிருந்தார். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அத்தையிடம் தினமும் பால் வாங்குபவர்தான்.

"என்னக்கா, மாட்டைக் கூட்டிட்டு மிசினு பாக்க வந்தீகளாக்கும்?" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக் கோடு ஒன்று பிளாட்டைச் சுற்றிக்கொண்டு போனது, அதன்மேல் வரிசையாகக் குழிகள்.

"இது இன்னாத்துக்குப்பா?"

"காம்பவுண்டு செவருக்குக்கா. இந்த வரிசை பூராத்தையும் அடைக்கச் சொல்லிட்டாக. மழை முடிஞ்சதும் செவரு ஏறிரும். பெறவு கேட்டு, வாச்மேன் எல்லாம் வந்திரும்."

"எல்லா பிளாட்டுமா?"

"எல்லாந்தான். இனி ஆடு மாடு உள்ள வரப்பிடாதுன்னு ஆர்டரு. நாங்க சொல்றதா, மேல உள்ளவக சொல்லுதாக. உள்ள புல்லு வெட்டுத வண்டியை மட்டும் பாஸு குடுத்து விடுவாக." சொல்லிவிட்டு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல, "அதுக்கு இன்னும் நாளிருக்குக்கா," என்று சேர்த்துக்கொண்டார்.

அத்தை சரியென்று தலையாட்டினாள். செவலையின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு முள்ளை எடுத்துப் போட்டாள். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கம்பியை எடுத்திருந்தார்கள். சித்தப்பா கைகளைத் துடைத்தபடி உர்ரென்று நின்றிருந்தார். அப்பா ஏதோ முடிவுக்கு வந்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. முடிவெடுத்த அப்பாவை அபூர்வமாகத்தான் பார்க்கக் கிடைக்கும்.

"அக்கா, உன் மாடு சொல்லிட்ச்சி. இத்தயே எடுத்துர்லாம்," என்றார்.

"வாணாம். அத்த எடு," என்றாள் அத்தை.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எத்த?"

"சுத்துறத. மிக்ஸிய." அத்தை வளைந்த பல்லைக் காட்டினாள். "இங்க பாரு, ஒரு கம்பிக்கே இப்டி ஆயிட்ச்சி. உள்ள முள்ளு கீது, கல்லு கீது, இன்னா இன்னாத்தயோ கொட்டி வெச்சிகீறாங்க. தெனம் பல்லு மாத்திகினே கீறதா? இது நல்ல புல்லுக் காட்டுக்கு ஆவும். இந்த எடத்துக்கு அதான் சரி."

சொன்னதெல்லாம் சரிதான். இத்தனை நாளாகச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். தன் பேச்சையே இன்னொருவர் வாயில் கேட்ட சித்தப்பா, சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியாமல் அத்தையைப் பார்த்தார். விற்பனைப் பையன் உடனே ஸ்லாஷரின் பெருமைகளை முதலிலிருந்து தொடங்கினார்.

அப்பா அத்தையைப் பார்த்தார், அவள் வந்த திசையில் குழிகளைப் பார்த்தார். பிறகு டிராக்டரின் பக்கம் திரும்பி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்தார். உள்ளே விட்டார். மறுபடி உருவினார், துடைத்தார். ஆயில் காலையிலேயே ஊற்றியது.

எனக்கு விஷயம் தெளிவாக விளங்கிவிட்டது. அத்தைக்குப் பேர் குழம்பிவிட்டது. செவலை தின்றது சலூன் மிஷின் வெட்டியதை, அத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள். பேர் வைத்தவள் நான் என்பதால், திருத்த வேண்டியவளும் நானே என்று பட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது வழியிலேயே சொன்னேன்.

"அத்தே, நீ மிக்ஸின்னு சொல்லிட்ட. செவல துன்னது சலூன் மிஷினு."

"அப்டியா?" என்றாள் அத்தை. "சரி வுடு பாப்பா. எனக்கு இந்த மிஷினு பேரெல்லாம் எங்க தெரிது."

அவள் அதை ஒத்துக்கொண்டுவிட்டதால் எனக்கு இன்னும் பதற்றமாகிவிட்டது. சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர், வாயை மூடிக்கொண்டு போய்ப் படி என்றார். அத்தை தெரியாமல் சொன்னதை வைத்து இவர்கள் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடமே சொல்லிவிட்டேன்.

"அப்பா, அத்த மாத்திச் சொல்லிட்ச்சி. அதுக்கு மிஷினு பேரு தெரியாதாம். என்கிட்ட சொல்லுச்சி. நீ சலூன் மிஷினே வாங்கு."

பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "அக்கா…" என்று ஆரம்பித்தார்.

"கொயந்த பேச்சக் கேட்டுகினு குந்திகினு கீற. சாப்புடு," என்று அத்தை அவர் சோற்றின் மேல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இதற்கு மேல் அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன்.

ஸ்லாஷர் வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அத்தைதான் குங்குமம் வைத்தாள். சித்தப்பா சொன்னபடியே வேலை இருந்தது. எங்கள் பழைய நிலத்தில் தொடங்கி, பென்னலூர்ப் பக்கம் போய், ஒரகடம் வரைக்கும் அந்த டிராக்டர் போகாத காலி பிளாட் இல்லை. என்னைக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தது அந்தச் சுற்றும் கத்திதான். சலூன் மிஷினை வாங்கியிருந்தால் அடுத்த கோடைக்குள் அதற்குப் பின்னால் அள்ளிக்கொண்டு போக ஆளும் இருந்திருக்காது, தின்ன மாடும் இருந்திருக்காது. அது தெரிந்த பிறகும் அக்காவுக்காக அப்பா சலூன் மிஷினைத்தான் வாங்கியிருப்பார். அவரை அத்தைக்குத் தெரியும்.

மழை முடிந்ததும் சுவர் ஏறியது. மாடுகளுக்கு வைக்கோல் வாங்கிப் போட்டுப் பார்த்தாள் அத்தை. தைப் பொங்கலுக்குள் தொழுவம் பாதி காலியானது. பிறகு மீதியும் போயிற்று. செவலையைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு போனார். அங்கே மேய்ச்சல் நிறைய இருக்கிறது என்று அத்தை என்னிடம் சொன்னாள். செவலைக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அத்தைக்கு ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்தது. தலைக்கு வலைத் தொப்பியும் நீலத்தில் ஒரு கோட்டும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்காட்டச் சொல்லி நான் பிடுங்கி எடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் ஏ.சி. இருக்கிறது என்று தெரிந்ததும், எங்கள் வீட்டிலேயே முதலில் ஏ.சி.யில் போகப்போவது அத்தைதான் என்று பெருமையாக இருந்தது. வேலைக்குப் போன முதல் நாள், மெயின்ரோடு வரைக்கும் அப்பா அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். நான் முன்னால் டேங்கின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பஸ் நிற்கும் இடத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் அத்தையில் பாதி வயதுதான் இருக்கும். பஸ் வந்தது. அத்தை சாப்பாட்டுப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பற்றி ஏறினாள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் எந்த சீட்டில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. நான் எல்லா ஜன்னலுக்கும் கையாட்டினேன்.

பஸ் போய்விட்டது. அடுத்த கம்பெனி பஸ்ஸும் வந்து நின்று போய்விட்டது. அப்பா வண்டியைக் கிளப்பவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"பெட்ரோல் இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"கீது," என்றார் அப்பா. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.